மெசினுக்குப் பாரம்

எங்கள் வயதுக்காரர் ஒன்றுகூடினால் முழங்கால் நோவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, கடைசியில் எப்படியோ தொண்ணூறுகளின் குளிருக்கு வந்துவிடுவோம். யாருடைய சப்பாத்துக்குள் அம்மா பொலித்தீன் பை போட்டு அனுப்பினார், யார் பஸ் தரிப்பில் மூக்கு உறைந்துவிட்டதென்று அழுதார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானும் என் பங்குக்குச் சொல்லுவேன். ஒரு குளிர்காலத்தை மட்டும் நான் அந்தச் சிரிப்புக்குள் கொண்டுவந்ததில்லை. எங்களிடம் ஓர் உழவு மெசின், ட்ராக்டர், இருந்த குளிர்காலம் அது.

கனடாவில், ஸ்காபரோவில்தான். வோபர்னில், உயரமான அப்பார்ட்மென்ற் ஒன்றில், எலிவேற்றர் அடிக்கடி பழுதாகும் கட்டடத்தில் இருந்த எங்களிடம்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்ததாம். சித்தப்பா ஒரு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவினார். வரவேற்பறைச் சோபாதான் அவருடைய படுக்கை. கை வெடிப்புகளுக்கு வாசலின் பூசியபடி என்னைப் பகிடி பண்ணுவார். என்னை அவர் கூப்பிடுவது ‘பெரிய மனிசி’ என்று.

அப்பாவுக்குக் கிளிநொச்சியில் வயலும் மெசினும் இருந்தன. இங்கே பிளாஸ்ரிக் வாளி செய்யும் பக்ரறி ஒன்றில் பின்னேர ஷிப்ற். பஸ்ஸில் எந்தத் தரிப்பில் இறங்குவதென்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். வங்கியில் எந்த வரிசை என்று என்னைக் கேட்பார். அந்தக் குளிருக்கு முந்திய இலையுதிர் காலத்தில், யாரோ சொல்லி, ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பழைய மெசின் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது அங்கே வீடுகள் இல்லை, வெறும் வயல். மெசின் ஒரு கொட்டிலுக்குள் நின்றது. நிறம் மங்கிய சிவப்பு, முன்னுக்கு ஸ்நோ தள்ளும் தகடு, பின்னுக்கு என் உயரத்துக்குச் சில்லுகள். அப்பா அதைச் சுற்றி நடந்தார். ரயரை உதைத்தார், எண்ணெய்க் கம்பியை இழுத்து மணந்தார், ஏறி இருந்து கிளச்சை மிதித்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அப்பா ஒரு காரியம் செய்ததைக் கனடாவில் அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எங்கள் கட்டடத்துக்குக் கிட்ட ஒரு பிளாசா இருந்தது. அதில் மளிகைக்கடை வைத்திருந்த அங்கிள்தான் பார்க்கிங் லொட் முழுவதற்கும் பொறுப்பு. ஸ்நோ கொட்டும்போதெல்லாம் தள்ளித் தருவதாக அப்பா அவரிடம் பேசிக்கொண்டார். மெசினைக் கடைக்குப் பின்னால், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்த அவர் சம்மதித்தார்.

மெசினோடு பண்ணைக்காரர் ஒரு சோடி சங்கிலியும் தந்திருந்தார். பின்சில்லுகளைச் சுற்றிப் பூட்டுகிற கனத்த இரும்புச் சங்கிலி. முதல் ஸ்நோவுக்கு அப்பாவும் சித்தப்பாவும் அதைக் கொழுவிக்கொண்டு போனார்கள். அலுமினியச் சட்டிகளை நிலத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல ஒரு சத்தம். எட்டாம் மாடியில் எங்கள் ஜன்னலுக்கே கேட்டது. ஐஸின் மேல் மெசின் ஒரு துளிகூட வழுக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்தபோது மீசையில் பனி ஒட்டியிருந்தது. “வயலுக்கை இறங்கின மாதிரி இருந்தது” என்றார் அம்மாவிடம். அம்மா தேத்தண்ணியை நீட்டியபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, ஏனென்றால் அதன்பிறகு அந்த வருடம் அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

இரண்டாம் முறை தள்ளி முடிந்ததும் கடைக்கார அங்கிள் அப்பாவைக் கூப்பிட்டு நிலத்தைக் காட்டினார். அந்தக் கோடையில்தான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அதில் சங்கிலி கீறிய வெள்ளைக் கோடுகள், வரிசை வரிசையாக.

“இதென்ன அண்ணை, றோட்டை உழுது வைச்சிருக்கிறியள்? இனிச் சங்கிலியோட வாறதெண்டால் வரவேண்டாம். நான் வேற ஆளைப் பிடிக்கிறன்.”

கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா அன்றைக்கே சங்கிலியைக் கழற்றிச் சுருட்டிக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் போட்டார். வீட்டில் சித்தப்பா கேட்டதற்கு, “சேத்துக்கை உழுதனான், எனக்குச் சங்கிலி என்னத்துக்கு? பாரம் இருந்தாக் காணும், சில்லு பிடிக்கும்” என்றார்.

சேற்றில் உழும்போது பின்சில்லுகளுக்குள் தண்ணீர் நிரப்புவார்களாம். பாரம் கூடினால் சில்லு நிலத்தை அமத்திப் பிடிக்கும். அதையே இங்கேயும் செய்தார். கடையின் பின்பக்கத்துக் குழாயில் ஹோஸைக் கொழுவி, ரயருக்குள் தண்ணீர் விட்டார். சித்தப்பாவும் நானும் பக்கத்தில் நின்றோம். வெயில் அடித்த நாள். இருந்தும் கை விறைத்தது.

“அண்ணை, இது உறைஞ்சு போகாதே?” என்று சித்தப்பா கேட்டார்.

“ரயருக்குள்ளை குளிர் எப்பிடிப் போகும்? எவ்வளவு மொத்தம் பார்” என்று அப்பா ரயரைத் தட்டிக் காட்டினார்.

சித்தப்பா அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர்.

பிறகு வந்த குளிர் உங்களுக்கும் நினைவிருக்கும். மூச்சு விட்டால் மூக்குமயிர் ஒட்டும் குளிர். மெசின் அந்தக் கிழமையோடு வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. சில்லு உருளும்போது தட், தட் என்று தூக்கிப் போடும். கல்லில் செய்த சில்லுபோல. அமத்திப் பிடிப்பதற்குப் பதிலாக மேலால் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் உள்ளே கட்டியாகிவிட்டதென்று இப்போது யாரும் சொல்லுவார்கள். குளிர்நாட்டில் உறையாத மருந்துத் தண்ணீர்தான் விடவேண்டும், வெறும் தண்ணீர் விட்டால் ரயர் கல்லாகிவிடும், கல் ஐஸில் பிடிக்காது என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கராஜ்காரர் எனக்கு விளக்கினார். அப்பாவுக்கு அன்று விளங்கிய விளக்கம் ஒன்றுதான்: பாரம் போதவில்லை.

அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பிப் பின்னுக்குக் கட்டினார். அதுவும் போதவில்லை. சித்தப்பாவை மட்காட்டில் ஏற்றினார். மட்காட் என்றால் பின்சில்லுக்கு மேலே வளைந்திருக்கும் தகடு. ஊரில் ஆட்கள் அதில் குந்திக்கொண்டு போவார்களாம். ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் மெசின் இழுக்கிறது என்றார். ஒரு சனிக்கிழமை காலை மற்றப் பக்கத்து மட்காட்டில் என்னை ஏற்றினார். சித்தப்பாவின் நிறைக்கு நான் காணாது என்று என் மடியில் ஓர் உப்பு மூட்டையையும் வைத்தார்.

சனிக்கிழமைகளில் அம்மா ஒரு ஹொட்டேலில் துணி தோய்க்கும் வேலைக்குப் போய்விடுவார். என்னைத் தனியே வீட்டில் விட முடியாமல்தான் அப்பா கூட்டிக்கொண்டு போனது. “கொம்மாட்டைச் சொல்லாதை, பேசுவா” என்றார்.

எனக்குப் பயமே இல்லை என்றால் நம்புவீர்களா? பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை நான். என்னால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. அந்தத் தகட்டில் இருந்தபோது அந்தப் பெரிய மெசின் ஓடுவதற்கு நானும் வேண்டும் என்று தோன்றியது. டீசல் புகை, ஈரக் கம்பளிக் கையுறையின் நாற்றம், உடம்பு முழுக்க ஏறும் அந்த நடுக்கம். வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினேன். பாரம் கூடவேண்டுமென்று. பிள்ளைக்கு இப்போதுதான் பசி பிடித்திருக்கிறது என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “அண்ணை, பிள்ளை விழுந்திடும்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். “மெதுவாத்தானே ஓடுறன்” என்பார் அப்பா. கடைசியில் சித்தப்பா தன்னுடைய மண்ணிறச் சால்வையை எடுத்து என் இடுப்பைச் சுற்றி, மறு நுனியை மட்காட்டின் கைபிடியில் இறுக்கிக் கட்டினார். அந்தச் சால்வையில் வெங்காயமும் கோப்பை கழுவும் சவர்க்காரமும் மணக்கும். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அவர்தான் கட்டிவிட்டு, அவர்தான் அவிழ்த்துவிடுவார்.

நாங்கள் கடைசியாக ஏறிய சனிக்கிழமைக்கு முதல் நாள் மழை பெய்தது. பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரங்களும் மின்கம்பிகளும் கண்ணாடியாய் நின்றன. கடைக்குச் சாமான் லொறி வரும் நாள். கடையின் பின்பக்கத்தில் லொறி இறங்குவதற்கு ஒரு சரிவு உண்டு. அதன் ஒரு பக்கம் கொங்கிறீற்றுச் சுவர், மற்றப் பக்கம் தள்ளிக் குவித்த ஸ்நோ. சரிவு துப்புரவாக வேண்டும் என்று கடைக்கார அங்கிள் விடியவே போன் அடித்திருந்தார்.

சித்தப்பா சரிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, இண்டைக்குச் சங்கிலி போடுவம். தார் கீறினாக் கீறட்டும்.”

“போட்டா அந்தாள் சனத்துக்கு முன்னாலை கத்தும். உப்பைக் கொட்டு.”

“உப்பு ஊற நேரமெடுக்கும் அண்ணை. கொஞ்சம் பொறுப்பம்.”

“லொறி வரப்போகுது. பாரம் இருக்குத்தானே, ஏறு.” பிறகு என்னைப் பார்த்து, “நீயும் ஏறு, பிள்ளை” என்றார்.

அதைச் சொன்னது அப்பா. அவருடைய குரல், அவருடைய வாய். என்னைத் தூக்கி ஏற்றியதும் அவருடைய கைகள்தான். சித்தப்பா வந்து சால்வையைக் கட்டினார்.

இறங்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. கீழே கிடந்ததைத் தள்ளி ஒதுக்கிவிட்டு அப்பா மெசினைப் பின்பக்கமாக ஏற்றத் தொடங்கினார். பாதி ஏறியிருப்போம். சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றின. மெசின் உறுமியது, ஆனால் அசையவில்லை. பிறகு மெல்லக் கீழே போகத் தொடங்கியது. விபத்து என்றால் பெரிய சத்தம் கேட்கும் என்று நான் நினைத்திருந்தேன். இது ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தது. அப்பா பிரேக்கை அமத்தினார். சில்லு பூட்டிக்கொண்டு, மெசின் பக்கவாட்டில் திரும்பியது. ஏதோ ஒரு மேட்டில் ஒரு கணம் தட்டுப்பட்டு நின்றது.

சித்தப்பா குதித்திருக்கலாம். அவர் இருந்த பக்கம் சுவருக்கு இன்னும் இடைவெளி இருந்தது. அவர் அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே விழுந்து என் இடுப்பு முடிச்சைப் பிடித்தார். ஈரத்தில் உறைந்த முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார். அவருடைய நெற்றி என் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது. முடிச்சு விட்டதும் ஒரே தள்ளு. ஸ்நோக் குவியலுக்குள் முகம் புதைய விழுந்தேன். நான் எழும்பிப் பார்த்தபோது மெசின் மறுபடி வழுக்கிப் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றது. சித்தப்பாவின் வலது கால் சில்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அவர் கத்தவில்லை. அப்பாதான் கத்திக்கொண்டிருந்தார்.

கடைக்கார அங்கிளின் மனைவி ஓடிவந்து என்னைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் சிவப்பு வெளிச்சம் சுழன்றதுதான் தெரிந்தது. யார் யாரோடு என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கையுறை ஒன்று அங்கே தொலைந்தது. தேடித் தரச்சொல்லி நான் அழுதேனாம்.

என் மணிக்கட்டில் ஒரு சின்ன வெடிப்பு. ஆஸ்பத்திரிக்கு அம்மா வேலை உடுப்போடு, தலையில் வலைத்தொப்பியோடு வந்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தம்பிதான் பிள்ளையை ஏத்தினவன். நான் கவனிக்கேல்லை. பொலிசிட்டை அவனே ஒத்துக்கொண்டிட்டான்.”

“இல்லை அம்மா, அப்பாதான் ஏறச் சொன்னவர்” என்றேன்.

“பேசாமல் இரு” என்றார் அம்மா.

வீட்டில் அம்மா எனக்குத் தலை இழுக்கும்போது மறுபடி சொன்னேன். சீப்பு நின்றது.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. கொப்பரைப் பொலிஸ் உள்ளுக்குப் போட்டா நீயும் நானும் எங்கை போறது? சித்தப்பா தனி ஆள். அவருக்கு ஒண்டும் வராது. அவர் நல்லவர், தானாத்தானே ஏற்றுக்கொண்டவர்.” பிறகு சீப்பு ஓடத் தொடங்கியது, முந்தியதைவிட வேகமாக.

அவருக்கு ஒன்றும் வராது என்று அம்மா உண்மையாகவே நம்பினார். சால்வை கைபிடியில் கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிள்ளையைக் கட்டிவைத்தவன் என்ற பேச்சு கட்டடம் முழுக்கப் பரவியது. பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என்னிடம் நித்திரை வருகிறதா, பள்ளிக்கூடம் பிடிக்குமா என்று கேட்டாள். மெசினைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்டால் சொல்லவேண்டும் என்று நான் வசனத்தைக்கூட ஆங்கிலத்தில் சேர்த்து வைத்திருந்தேன். போகும்போது அப்பாவிடம் அவள் சொன்னதை நானே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: அந்த ஆள் இனி இந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில் இருக்கக்கூடாது.

அப்படித்தான் சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வராமல் போனார். யாரோ ஒரு நண்பரின் பேஸ்மென்றில் கொஞ்ச நாள். அம்மா ரசமும் சோறும் கட்டிப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் கொடுத்தனுப்புவார். அப்பா போகவில்லை. பிறகு சித்தப்பா மொன்றியலுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். சோபா காலியாகக் கிடந்தது. யாரும் அதில் சாய்ந்து படுக்கவில்லை.

பனி உருகத் தொடங்கியபோது மெசினை இழுத்துப்போகப் பழைய இரும்பு வாங்குகிறவன் வந்தான். நானும் போயிருந்தேன். அப்பா சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ரயரில் கையால் தட்டினார். உள்ளே ஏதோ பெரிய கட்டி ஒன்று புரண்டு இடித்தது. மறுபடி தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு வால்வைத் திறந்தார். இரும்புக் கறள் நிறத்தில் தண்ணீர் வடிந்து தாரில் ஓடியது. அது கடைசிவரை வடியுமட்டும் அவர் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. அன்று அவருக்கு எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு டோனற் வாங்கித் தந்தார்.

எங்கள் கேஸ் சரிவந்தது. நான் படித்தேன், கலியாணம் கட்டினேன், பிள்ளைகள் பிறந்தன. சித்தப்பாவோடு வருடத்துக்கு ஒரு முறை போனில் கதைப்பேன். மெசினைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. எங்களுக்காகத் தானாகப் பழியை ஏற்றுக்கொண்ட மனிசன் என்று நான் அவரை மனதில் உயர்த்தி வைத்திருந்தேன். அது எனக்கும் வசதியாக இருந்தது. ஒருவர் மனமுவந்து கொடுத்ததை நாங்கள் பெற்றுக்கொண்டோம், அவ்வளவுதானே.

போன குளிருக்கு முந்திய குளிரில் அம்மா இறந்தார். சித்தப்பா பஸ்ஸில் வந்தார். தலை முழுக்க நரை, கையில் ஊன்றுகோல். அம்மாவின் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அப்பா முன்வரிசையில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், தலையசைத்தார்கள். எல்லாம் முடிந்து சனம் கலைந்தபோது, மண்டபத்துக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

“சித்தப்பா, ஏன் அண்டைக்கு நீங்கள்தான் ஏத்தினதெண்டு பொலிசிட்டைச் சொன்னனீங்கள்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான் சொன்னனெண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

“அப்பா” என்றேன்.

“எனக்கு மயக்கம் தெளியேக்கை எல்லாம் எழுதி முடிஞ்சுது, பிள்ளை. பொலிஸ்காரன் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெடியனோட வந்தவன். உங்கடை அண்ணை இப்பிடிச் சொல்லுறார், சரியோ எண்டு கேட்டவங்கள். நான் வாய் திறக்கேல்லை. அவ்வளவுதான்.”

“இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே.”

“அண்ணை வருவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வந்து, என்னட்டை ஒரு வார்த்தை கேப்பார், ‘டேய், நீ இதை ஏற்றுக்கொள்ளுவியோ’ எண்டு. கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன்.” ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினார். “அவர் வரேல்லை.”

பிறகு, “கொப்பர் காலமை சாப்பிட்டவரோ?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

அப்பா ஏற்கெனவே என் காரில் ஏறி, பெல்ற்றும் போட்டுக்கொண்டு இருந்தார். நான் ஏறி ஹீற்றரைக் கூட்டினேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்:

“தம்பி என்னவாம்?”

சொல்ல எத்தனையோ இருந்தன. “குளிருக்குக் கால் நோகுதாம்” என்றேன்.

அப்பா யோசித்தார்.

“எந்தக் கால்?”

“வலது கால், அப்பா.”

அவர் தலையாட்டினார். மெல்லப் பெல்ற்றைக் கழற்றி, இறங்கப் போகிறவர்போலக் கதவின் பிடியில் கை வைத்தார். நான் காரை எடுக்காமல் இருந்தேன். எதிரே, யாரோ உறவுக்காரப் பெடியன் ஒருவன் சித்தப்பாவைப் பிடித்து வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டிருந்தான். முதலில் ஊன்றுகோல் உள்ளே போனது, பிறகு அவர், கடைசியாக இரண்டு கைகளாலும் தூக்கி வைத்த கால். வான் திரும்பி வீதிக்கு ஏறி, மற்ற வாகனங்களுக்குள் மறைந்தது.

அப்பா கதவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“போவம், பிள்ளை” என்றார்.